ரெட்டைப் பிள்ளை என்றால் பாதையை முதலில் பாருங்கள்

(தோட்டங்களுக்குத் திரும்பிய குடும்பங்களுக்கான கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



போன கூட்டம் முடிந்து புறப்படும்போது ஓர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கிளினிக் கார்டு மண்சரிவோட போயிருச்சு. முகாம்ல இருந்தப்போ ஸ்கேன் பார்த்து ரெட்டைப் பிள்ளைன்னு சொன்னாங்க. இப்போ லயத்துக்கு வந்துட்டோம். இனி நான் யார்கிட்ட போறது மிஸ்?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று எல்லோருக்கும் சொல்கிறேன். நான் வைத்தியர் இல்லை. இவை கிளினிக்குகளில் தாய்மாருக்குச் சொல்லும் விஷயங்கள்தான். உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்.

என் அம்மாயியும் கொழுந்து எடுத்தவர்தான். அவருக்கு லயத்துக் காம்பராவிலேயே பிரசவம். முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் உள்ளே இன்னொரு பிள்ளை இருப்பது மருத்துவச்சிக்குத் தெரிந்தது. அது குறுக்காகக் கிடந்தது. அடைமழை. கம்பளியில் தொட்டில் கட்டி அம்மாயியை ரோட்டுக்குத் தூக்கி வந்து லொறி பிடிப்பதற்குள் அந்தப் பிள்ளை போய்விட்டது. முதலில் பிறந்த பிள்ளை என் அம்மா. யாராவது கேட்டால் அம்மாயி கடைசி வரை, “எனக்கு ஆறு பிள்ளை, இருக்கிறது அஞ்சு” என்றே சொல்வார்.

இன்று ஸ்கேன் இருக்கிறது. பிள்ளை ரெண்டு என்பது முதல் மூன்று மாதத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் பாதை பல இடங்களில் அதே பாதைதான். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு சில இடங்களில் அதைவிட மோசம். அதனால் நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: வயிற்றில் ரெட்டைப் பிள்ளை என்றால், வலி வந்த பிறகு பாதை தேடக் கூடாது.

முதலில் பதிவு. முகாம் இருந்த இடம் வேறு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவாக இருந்திருக்கலாம். அங்கே எழுதிய பெயர் தானாக இங்கே வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நம் மிட்வைஃப் மிஸ்ஸிடம், “திரும்பி வந்துட்டேன், எனக்கு ரெட்டைப் பிள்ளை” என்று போய்ச் சொல்லுங்கள். கார்டு தொலைந்தது உங்கள் குற்றமில்லை. புதிதாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஸ்கேன் தாள், இரத்தம் பார்த்த தாள் எது மிச்சமிருந்தாலும் கொண்டுபோங்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மறுபடி மழை வந்தாலும் படம் இருக்கும்.

அடுத்து, ஸ்கேன் பார்க்கும் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “ரெண்டு பிள்ளைக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா, தனித்தனியா?” இது நன்றாகத் தெரிவது 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில். ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கு போடும்போது ஒரு பிள்ளைக்கு இரத்தம் கூடி, மற்றதற்குக் குறைந்துபோகலாம். அப்படியான தாய்க்கு 16ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவை. தனித்தனி என்றால் பொதுவாக நான்கு வாரத்துக்கு ஒருமுறை. “பிள்ளை நல்லாத்தானே துடிக்குது” என்று ஒரு தவணையையும் விட வேண்டாம்.

ரெட்டை என்றால் வாந்தி, களைப்பு, மூச்சு வாங்குதல் எல்லாமே கொஞ்சம் கூடுதல்தான். இரத்தக் குறைவும் பிரஷரும் வருவதற்கு வாய்ப்பும் கூடுதல். கிளினிக்கில் தரும் இரும்புச் சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். சாயம் அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு குடித்தால் நல்லது. கல்சியம் குளிசையை வேறு நேரத்தில் போடுங்கள். திரிபோஷா தாய்க்குத் தருவது. வீடு முழுக்கப் பங்கு போட்டால் வயிற்றில் உள்ள ரெண்டு பேருக்கும் ஒன்றும் மிஞ்சாது. மாமியார்மாரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள், ரெட்டை என்று தெரிந்ததும் டாக்டரிடம் கடிதம் வாங்கித் தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்து, பாரமில்லாத வேலை கேளுங்கள். நிறைந்த கொழுந்துப் பையோடு ஈரச் சரிவில் இறங்குவது இந்த உடம்புக்கு ஆகாது. பிரசவ விடுமுறை சட்டப்படி 12 வாரம். முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து 6 வாரம்தான் கிடைத்தது. 2018இல் சட்டம் மாறிவிட்டது. உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தாலும் 12 வாரம் உங்கள் உரிமை.

இனி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள். இரத்தம் படுதல். பன்னீர்க்குடம் உடைதல். மாதம் நிறையும் முன்பே விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, இடுப்பு வலி. விடாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல். பிள்ளைகளின் அசைவு குறைதல். வயிறு திடீரென்று பெருத்து இறுகுதல். இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

ரெட்டைப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியும் முன்பே பிறந்துவிடுகின்றன. குறைமாதப் பிரசவம் வரும் போலிருந்தால், பிள்ளைகளின் நுரையீரலைப் பலப்படுத்தத் தாய்க்கு ஓர் ஊசி போடுவார்கள். அதற்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். அதனால் ஏழாம் மாதம் தொடங்கும்போதே எல்லாம் ஆயத்தமாக இருக்கட்டும்.

எங்கே பிரசவம் என்று கிளினிக்கிலேயே பேசி முடிவெடுங்கள். விசேட வைத்தியரும், குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கும் பிரிவும் உள்ள இடமாக இருக்க வேண்டும். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையா, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையா, வேறிடமா என்று டாக்டர் சொல்வார். மழைக்காலத்தில் உங்கள் பாதை அடைபடும் என்றால் அதை முன்கூட்டியே சொல்லி, திகதிக்கு முன்பே வார்டில் சேர்த்துக்கொள்ளும்படி கேளுங்கள். பாதை தெரிந்தவர் நீங்கள். நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

1990 என்று அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பாடசாலை, எத்தனையாவது மாதம், ரெட்டைப் பிள்ளை என்பது எல்லாவற்றையும் சொல்லுங்கள். அம்புலன்ஸ் லயம் வரை வர முடியாவிட்டால் எந்தச் சந்தியில் நிற்கும், அதுவரை யாருடைய திரீவீல், அவர் இல்லாவிட்டால் யார், வீட்டில் உள்ள பிள்ளைகளை யார் பார்ப்பது என்று இன்றே பேசி வையுங்கள். இது புருஷன்மாரின் வேலை, ஐயாமாரே. அந்த நம்பர்களை எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

ரெண்டும் சின்னதாகப் பிறந்தால் பயப்பட வேண்டாம். நெஞ்சோடு தோல்படச் சேர்த்து அணைத்து வைப்பதே அவர்களுக்குப் பெரிய மருந்து. டாக்டர் சொன்னால் அப்பாவும் அணைக்கலாம். பால் போதாது என்று யாராவது சொன்னால் உடனே மாப்பால் வாங்க ஓடாதீர்கள். பிள்ளைகள் குடிக்கக் குடிக்கப் பால் ஊறும். ரெண்டு பேருக்கும் ஊறும். சமையலையும் துணி துவைப்பதையும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டால் தாய் பாலைக் கொடுப்பாள்.

என் அம்மாயிக்குப் பாதை தெரியாமல் போகவில்லை. பாதை தேவைப்படும் என்பதுதான் முன்கூட்டித் தெரியவில்லை. உங்களுக்கு இன்று அது தெரியும். கூட்டம் முடிந்ததும் மிட்வைஃப் மிஸ் இங்கேயே இருப்பார். வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.