பெயரும் விலாசமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



விழாவிற் பேசும்படி எம்மைப் பணித்த செயலாளர், சமயம் பற்றியோ இலக்கியம் பற்றியோ நாம் பேசுவோம் என எதிர்பார்த்திருக்கலாம். நாம் எடுத்துக்கொண்ட விடயம் வேறு. ஒரு கணினி இணையத்திலே பல தளங்களைத் திறக்கிறது. வேறு சிலவற்றின் பெயரைச் சொன்னால் மட்டும் கைவிரிக்கிறது. இது ஏன், காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே எமது பேச்சு. பரீட்சைப் பெறுபேறும் பல்கலைக்கழக விண்ணப்பமும் இணைய வழியாகிவிட்ட இக்காலத்தில் இது விளையாட்டுக் காரியமன்று. முடிவுத் திகதியன்று ஒரு தளம் திறக்கவில்லையென்றால் ஒரு பிள்ளையின் ஓராண்டு போய்விடும்.

கணினிகள் ஒன்றையொன்று அறிவது பெயரால் அன்று, எண்ணால். பெயர் நமக்காக வைத்தது. ஆதலால் பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்வதற்கு நடுவில் ஒருவர் வேண்டும். தொடக்கத்தில் இதற்கு ஒரேயொரு இடாப்புத்தான் இருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அதனை எழுதி வைத்தார்கள். மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்த இடாப்புத் தாங்கவில்லை. 1983-இல் போல் மொக்கபெற்றிஸ் என்பவர் புதிய ஒழுங்கொன்றை வகுத்தார். டி.என்.எஸ். என்பது அதுவே.

அதன் நடைமுறை நம்மவர்க்குப் புதிதன்று. எழுவான்கரைக்கு வரும் அந்நியர் ஒருவர், படுவான்கரையிலே ஒரு பரிசாரியாரின் வீட்டைத் தேடுகிறார் என வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பு நகரில் விசாரித்தால் வீடு தெரியாது. ஆனால் கொக்கட்டிச்சோலைக்குப் போய்க் கேளும் என்பார்கள். அங்கே கேட்டால் கிராமத்தைக் காட்டுவார்கள். கிராமத்திலேதான் ஒழுங்கையும் வேலியும் சொல்லப்படும். எல்லாம் அறிந்தவர் எவருமில்லை. அடுத்து யாரைக் கேட்பது என்பதை ஒவ்வொருவரும் அறிவர். இணையத்திலும் இவ்வாறே. வேர்ச் சேவையகம் 'எல்கே'யின் பொறுப்பாளரைக் காட்டும். அவர் அடுத்தவரைக் காட்டுவார். கடைசியில் எண் கிடைக்கும். நமக்காக இந்த அலைச்சலையெல்லாம் படுவது இணைய இணைப்புத் தரும் கம்பனியின் சேவையகம். ஒருமுறை கேட்டறிந்த விடையை அது குறித்த நேரம் வரை நினைவில் வைத்திருக்கும். தளம் வேறிடத்துக்குக் குடிபெயர்ந்த பின்னரும் சிலவேளை பழைய விலாசமே சொல்லப்படுவது இதனாலேதான். அத்தகைய கோளாறு சில மணித்தியாலங்களில் தானே தீரும்.

தீராத கோளாறு ஒன்றைச் சொல்கிறோம். நமது வாசிகசாலைக் கணினியில் மூன்று தளங்கள் மட்டும் திறக்கவில்லை. அவற்றுள் ஒன்று விண்ணப்பத் தளம். இணைப்பு நல்லதில்லை என்றார் ஒருவர். வைரஸ் என்றார் இன்னொருவர். கணினியே பழசு, புதிது வாங்கவேண்டும் என்றார் மூன்றாமவர். அவர் சந்தா கட்டாதவர். முதலில் நாம் செய்தது, அதே வைபை இணைப்பிலே ஒரு கைத்தொலைபேசியால் அத்தளத்தைத் திறந்து பார்த்தது. திறந்தது! ஆகவே வழியும் றூட்டரும் தளமும் பழுதில்லை. பழுது கணினிக்குள்ளேயே.

அடுத்துக் கட்டளைச் சாளரத்தில் 'என்எஸ்லுக்கப்' என்று எழுதித் தளத்தின் பெயரைக் கொடுத்தோம். ஓர் எண் வந்தது. பின் 'பிங்' என்று எழுதி அதே பெயரைக் கொடுத்தோம். வேறோர் எண் வந்தது! ஒரே கணினி, ஒரே பெயர், இரண்டு விலாசம். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. என்எஸ்லுக்கப் நேரே வெளியிலுள்ள சேவையகத்தைக் கேட்கும். பிங் கட்டளையும் நாம் தளங்களைத் திறக்கும் உலாவியும் அப்படியல்ல. அவை பொதுவாக, கணினி தன் வீட்டுக்குள்ளே வைத்திருக்கும் சிறு இடாப்பையும் பார்த்த பின்னரே வெளியே கேட்கும். அந்த இடாப்பின் பெயர் 'ஹோஸ்ட்ஸ்'. விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈரிசி என்னும் அறையிலே அது கிடக்கிறது. கலிபோர்னியாவில் எழுதிய அந்தப் பழைய இடாப்பின் வழிவந்த பிள்ளை அது.

திறந்து பார்த்தோம். # அடையாளத்தோடு தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள், அவற்றுக்கு அஞ்சவேண்டியதில்லை. அவற்றின் கீழே மூன்று வரிகள். மூன்று எண்கள், மூன்று பெயர்கள். எப்போதோ பெயர் தேடும் சேவை தடைப்பட்ட ஒரு நாளில், யாரோ ஒரு நல்ல மனிதர் பிள்ளைகளுக்கு உதவவெண்ணி அன்றைய விலாசங்களை எழுதி வைத்திருக்கவேண்டும். தளங்கள் குடிபெயர்ந்துவிட்டன, வரிகள் இருந்துவிட்டன. நிருவாகி உரிமையோடு திறந்து அவற்றை நீக்கினோம். 'ஐபிகொன்ஃபிக் /ஃபிளஷ்டிஎன்எஸ்' என்ற கட்டளையால் நினைவையும் துடைத்தோம். தளங்கள் திறந்தன. செலவு ஒரு சதமும் இல்லை.

இவ்விடத்தில் ஒன்று கூறவேண்டும். இப்படியான வேளையில் இளைஞர் பலர் உடனே செய்வது, சேவையகத்தின் எண்ணை 8.8.8.8 என்று மாற்றிவிடுவது. அது கூகிள் 2009-இல் தொடங்கிய பொதுச் சேவையகம். 1.1.1.1, 9.9.9.9 என வேறும் உண்டு. நல்ல சேவைகளே. ஆனால் நமது கணினிக்கு அம்மருந்தால் ஒரு பயனும் விளைந்திராது. வீட்டு இடாப்பில் விடை இருக்கையில் வெளியே கேட்பதேயில்லையே! அன்றியும், நாம் கேட்கும் பெயர்களெல்லாம் விடை சொல்பவருக்குத் தெரியவரும். யாரிடம் கேட்கிறோம் என்பதை அறிந்தே மாற்றவேண்டும். தெருவில் யாரோ சொன்ன எண்ணை எழுதிக்கொள்வது கூடவே கூடாது.

நாம் படித்த மிஷன் பாடசாலையில் இடாப்புக் கூப்பிடும்போது, வராதவனுக்காக இன்னொருவன் குரல் கொடுப்பதுண்டு. ஆசிரியர் தலை நிமிராவிட்டால் அன்று அவன் வந்தவனே. டி.என்.எஸ். சேவைக்கும் இந்த ஆபத்து உண்டு. 2021 பெப்ரவரி 6-ஆம் திகதி, கூகிளின் இலங்கைப் பெயர் உட்பட 'எல்கே' பெயர்கள் சில, தேடியவர்களை வேறொரு பக்கத்துக்குக் கொண்டுபோயின. நம் நாட்டின் பெயர்ப் பதிவிலேயே யாரோ கைவைத்துவிட்டார்கள். நம் கணினிகளில் ஒரு குற்றமும் இல்லை. அன்று அப்பக்கம் ஏதோ கருத்துச் சொல்லும் பக்கமாயிருந்தது. வங்கியின் பொய்முகமாயிருந்தால் என்னவாகும்?

அதே ஆண்டு ஒக்டோபர் 4-ஆம் திகதி இரவு 9 மணிக்குப் பின், பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் உலகெங்கும் ஆறு மணித்தியாலம் அளவில் மறைந்தன. அந்நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்களுக்குப் போகும் வழியையே அதன் கணினிகள் தவறுதலாக அழித்துவிட்டன. கேட்டவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. கைத்தொலைபேசியை அணைத்து அணைத்துப் போட்டதால் ஆவதொன்றுமில்லை.

தடை செய்வதும் உண்டு. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் 21-க்குப் பின்னும், 2022 ஏப்ரல் 3-ஆம் திகதியும் நம் நாட்டில் சமூகத் தளங்கள் நிறுத்தப்பட்டன. 2019-இல் சீயோன் தேவாலயத்துத் துயரத்தின்பின் உறவினரைத் தேடியவர்கள் இந்நகரில் இருந்தார்கள். செய்தி அனுப்பும் வழிகளும் அன்றே அடைபட்டன. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் ஒரு தளம் திறக்காமல், வெளிநாட்டிலுள்ள மாமாவுக்கு மட்டும் திறக்குமாயின், ஹோஸ்ட்ஸ் இடாப்பைத் தேடிப் பயனில்லை. வழியில் யாரோ கதவை மூடியிருக்கலாம். அப்போது சாதாரணத் தொலைபேசி அழைப்பே கைகொடுக்கும். எண்களை ஒரு கடதாசியில் எழுதி வைத்திருக்கிறோமா?

தமிழெழுத்திலே '.இலங்கை' என்று முடியும் பெயர்களும் 2010 முதல் நமக்கு உண்டு. அவற்றை மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள். இது வேறொரு நாள் பேசவேண்டிய விடயம்.

இன்று சங்கத்திடம் நாம் கேட்பது ஒரு கொப்பி. கணினியின் அருகே அதனைக் கட்டி வைப்போம். எந்த அமைப்பை யார் மாற்றினாலும் திகதி, மாற்றிய வரி, காரணம், கையொப்பம் நான்கையும் அதில் எழுதவேண்டும். அந்த மூன்று வரிகளையும் அவற்றை நீக்கிய நாளையும் முதற் பக்கத்தில் நாமே எழுதித் தருகிறோம்.