பிள்ளை ஒளித்தால் நேரம் போய்விடும்



மது ஹராம் என்பதை இங்கே யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மத்ரஸாவில் சேர்ந்த முதல் வருடப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால், தெரிந்த பிள்ளை தொடமாட்டான் என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அதைப் பற்றித்தான் பேச வந்தேன். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் பந்துத் திடலிலும் எல்லாரோடும் பழகுகிறவர்கள். பதினைந்து வயதில் கூட்டாளி நீட்டியதை வேண்டாம் என்பது லேசான காரியமல்ல.

இந்தச் சிலாங்கூர் மண்ணுக்குக் குடியின் கதை புதிதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள். சம்பளத்துக்குப் போராடியவர்களே அதையும் கேட்டார்கள் என்றால், லயத்து வீடுகள் எப்படி இருந்திருக்கும்!

இன்று சட்டம் இருக்கிறது. 2017 டிசம்பர் முதல் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது; அதற்கு முன் அது 18. நல்ல சட்டம்தான். ஆனால் அடையாள அட்டை கேட்கும் கடைக்குப் பையன் போகமாட்டான். கேட்காத இடத்தைத் தேடுவான். அங்கே கிடைப்பது எங்கே செய்தது என்று தெரியாத மலிவுச் சரக்கு.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அப்படிப்பட்ட சரக்கைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால். பார்வைக்கும் வாடைக்கும் சாதாரண மது போலவே இருக்கும். உடம்புக்குள் போனபின் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைத் தாக்குகிறது. கொஞ்சம் போனாலே பார்வை பறிபோகலாம், உயிரும் போகலாம். மோசம் என்னவென்றால், முதலில் வெறும் போதை போலத்தான் தெரியும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், வாந்தியும் வயிற்றுவலியும் வரும், கண் மங்கும். மாற்று மருந்து உண்டு. இரத்தச் சுத்திகரிப்பும் செய்வார்கள். சீக்கிரம் போனால்தான் பலன்.

நம் வீட்டுப் பிள்ளை அந்த நேரத்தில் என்ன செய்வான்? அத்தாவுக்குப் பயந்து, "காஸ்ட்ரிக்" என்று சொல்லிப் படுத்துக்கொள்வான். உம்மாவும் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார். அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று, விஷயம் தெரிந்த அண்ணனும் வாயைத் திறக்கமாட்டான்.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில், குடித்ததற்காகத் திரும்பத் திரும்பத் தண்டனை பெற்ற ஒருவரைச் சபையில் ஒருவர் சபித்தார். நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். தண்டனை தண்டனைதான், ஆனால் அந்த மனிதரைத் தள்ளிவிடவில்லை. இதை நம் வீட்டு வாசலுக்குள் கொண்டுவர வேண்டும்.

ஆகவே இன்றிரவே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்: "என்ன நடந்திருந்தாலும் எனக்குப் போன் பண்ணு. முதலில் ஆஸ்பத்திரி, மற்றதெல்லாம் பிறகு." சொன்னபடி நடக்கவும் வேண்டும், காரில் ஏற்றியதுமே திட்ட ஆரம்பித்தால் அடுத்த முறை அழைக்கமாட்டான்.

மயங்கிக் கிடந்தால் மல்லாக்கப் படுக்கவிடாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து. குளிப்பாட்டுவது, காப்பி கொடுப்பது எல்லாம் வேண்டாம். 999 அழையுங்கள், அல்லது கோலகுபு பாரு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கூடக் குடித்த கூட்டாளிகளின் வீட்டுக்கும் உடனே சொல்லுங்கள். மிச்சமிருக்கும் போத்தலைக் குப்பையில் போடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள், டாக்டர் கேட்பார்.