முதலாண்டிலேயே அறம்



இருப்புப்பாதை ஏறாத இந்த உடும்பஞ்சோலை மலையிலே, இரயில்வே எழுத்தராகிய நாம், மெட்ரிகுலேஷனோடு நின்ற நாம், பொறியியல் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், பாலம் பழுதுற்றால் பயணிகள் படும் பாட்டை அறிவோம். ஏலத் தோட்டங்களில் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பொறியியல் கல்லூரி செல்கின்றனர். அவர்கட்குத் தொழிலறத்தை எப்பொழுது, எவ்வாறு கற்பிப்பது?

1956 நவம்பரில், அரியலூருக்கருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அது பெருந்தன்மை, எனினும் மாண்டவர் மீளவில்லை. பொறியாளரின் அறம் விபத்துக்கு முன்னரே விழித்திருக்க வேண்டும்.

கனடாவில் கியூபெக் பாலம் கட்டுகையில் எஃகு உறுப்புகள் வளைவதைக் கண்டு அளந்தனர், மேலிடத்துக்கும் எழுதினர். ஆனால் வேலை நிறுத்தப்படவில்லை. 1907 ஆகஸ்டு 29-இல் பாலம் சரிந்து 75 தொழிலாளர் இறந்தனர். நம் கேரளத்திலோ, 2016 அக்டோபரில் திறந்த கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலத்தை விரிசல் கண்டு 2019 மே மாதம் மூடினர். திருத்திக் கட்டி, 2021 மார்ச்சில் மீண்டும் திறந்தனர். கட்டியதில் குற்றம் இருந்தது. ஆயினும் மூடத் துணிந்ததால் மக்கள் தப்பினர்.

“வேலை கிடைத்தபின் அறம் பேசலாம்” என்பார் உளர். முதலாண்டு மாணவன் ஆய்வுக்கூடத்தில் ஒரு சட்டத்தில் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு வளைகிறதென அளக்கிறான். புத்தக விடை வரவில்லை. தோழனின் ஏட்டைப் பார்த்தெழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அறம் தொடங்கும் இடம் அதுவே. வந்த அளவையே எழுதி, மாறியது ஏனென ஆராய்பவனுக்கு ஆசிரியர் கூடுதல் மதிப்பெண் அளிக்கட்டும். விழுந்த பாலங்களின் வரலாற்றையும் அப்போதே சொல்லட்டும். பொய்யளவு எழுதிப் பழகிய கை, பிற்காலத்தில் எதற்கும் கையொப்பமிடும்.

2018 ஆகஸ்டில், 26 ஆண்டுகளுக்குப்பின் செறுதோணி மதகுகள் திறந்தன. யாரோ ஒருவர் அளந்தெழுதிய நீர்மட்டத்தை நம்பியே ஆற்றோரக் குடும்பங்கள் வீடு விட்டு வெளியேறின. அந்த எண் பொய்யாயிருந்தால்?

ஆகவே பெற்றோர்களே, விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் மதிப்பெண்ணை மட்டும் கேளாதீர்கள். “நீ எழுதிய அளவு, நீயே கண்ட அளவுதானா?” என்றும் கேளுங்கள்.