தாங்கலின் பெயரும் அடுக்ககத்தின் வரைவும்



ஓர் ஊரின் பெயரே அந்நிலத்தின் முதல் ஆவணம். தாங்கல் என்பது பாசனத்திற்கென நீரைத் தேக்கித் தாங்கி நிற்கும் சிற்றேரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எனத் தொண்டை நாட்டில்தான் எத்தனை தாங்கல்கள்! மழை பெய்தால் நீர் எங்கே வந்து நிற்கும் என்பதை முன்னோர் ஏட்டில் எழுதிப் பூட்டி வைக்கவில்லை. ஊர்ப்பெயராக்கி ஒவ்வொருவர் நாவிலும் வைத்தனர். அப்பெயரை நாள்தோறும் சொல்லிக்கொண்டே அதன் பொருளை மறந்தவன் இற்றைத் தமிழன்.

பரங்கிமலையிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், போரூர் ஏரிக்கு அண்மையில் உள்ளது ஐயப்பன்தாங்கல். குன்றத்தூர் ஒன்றியத்து ஊராட்சியாக வளர்ந்த ஊர். கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி வரை வகுக்கப்பட்ட பெருநகரத் தொடர்வண்டித் தடமும் இவ்வழியே செல்கிறது. தடம் வந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் கட்டடம் உயரும். கீழே அங்காடி, நடுவே அலுவலகம், மேலே குடியிருப்பு என்னும் கலப்புப் பயன்பாட்டுக் கட்டடங்களுக்கு இத்தகைய சாலையோரங்களே விளைநிலம்.

கீழே கடையும் மேலே வீடும் தமிழனுக்குப் புதியன அல்ல. பழைய கடைத்தெருக்களில் வணிகன் தன் கடைக்கு மேலேயே குடியிருந்தான். ஆனால் அது ஒரு குடும்பத்தின் கடை. ஒரு கிணற்றின் நீர். இன்று எழுவதோ பல நூறு குடும்பங்களும் பல நூறு ஊர்திகளும் ஒரே வாயிலில் நெருங்கும் கட்டடம். அதன் குடிநீர் எங்கிருந்து வரும்? கழிவுநீர் எங்கே போகும்? நள்ளிரவில் சரக்கு இறக்கும் பாரவண்டியின் இரைச்சலில் மேல்மாடிக் குழந்தை எப்படி உறங்கும்? இவற்றைக் கேட்பதுதான் ஆய்வு. அதைச் செய்கின்றவர் யார், எம்மொழியில் செய்கின்றனர் என்பதே இப்பொழிவின் பொருள்.

தமிழ்நாட்டு நகர ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டினது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், 18.30 மீட்டருக்கு மேற்பட்டதை உயரடுக்குக் கட்டடம் என்றன. அதற்கு நில அளவைப்போல் 3.25 மடங்கு தளப்பரப்பு எழுப்ப இடந்தந்தன. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் வரைவை ஆய்கிறது. தீயணைப்புத் துறையும் போக்குவரத்துக் காவல் துறையும் தடையின்மைச் சான்று தருகின்றன. திட்ட இசைவு மேலே முடிவான பின்னரே கட்டட இசைவுக்கான தாள் ஊராட்சிக்கு வருவது என்பதே நெடுங்காலம் நிலவிய முறை. சமைத்துப் பரிமாறி உண்டு முடித்த பின், இலை எடுக்க ஊரை அழைப்பது போன்றது அது!

அக்குழுமம் இருக்கும் எழும்பூர் மாளிகையின் பெயரை நினைவுகூர்க: தாளமுத்து நடராசன் மாளிகை. கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை புகுந்து, நோயுற்று, 1939-இல் உயிர்நீத்த இரு மொழிக்காவலரின் பெயர் அது. அப்பெயர் தாங்கிய மாளிகையில் கட்டட வரைவும் ஆங்கிலம், விதியும் ஆங்கிலம், இசைவாணையும் ஆங்கிலம்! தமிழே ஆட்சிமொழி என 1956-இல் சட்டம் செய்த நாட்டில், பக்கத்து மனையில் என்ன எழப்போகிறது என்பதை ஐயப்பன்தாங்கல் குடியானவன் பிறரைக் கேட்டுத்தான் அறிய வேண்டியுள்ளது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. 20,000 சதுர மீட்டர் முதலான கட்டுமானத்திற்குச் சுற்றுச்சூழல் இசைவு வேண்டும் என்றது நடுவணரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை. ஆனால் அதே அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கும் அளித்தது. தில்லி எழுதிய ஒரு வரியில் ஊரின் வாய் அடைபட்டது.

வாய் அடைத்த ஊரின் அருகில் என்ன நிகழும்? ஐயப்பன்தாங்கலுக்கு அண்டையது மவுலிவாக்கம். 2014 சூன் 28 மாலை, மழையின்போது, அங்கே எழும்பிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இருந்த இடத்திலேயே சரிந்தது. 61 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் ஆந்திரத்திலிருந்து கூலிக்கு வந்த ஏழையர். தமிழ் பேசாதவர் என்பதால் தமிழன் விட்ட கண்ணீர் குறைந்துவிடவில்லை. இசைவு பெற்ற கட்டடந்தான் அது. உயரத்தையும் பக்கவெளியையும் தளப்பரப்பையும் குழுமம் பார்த்தது. கட்டமைப்பின் உறுதிக்கோ கட்டுநர் தரப்புப் பொறியாளரின் கையொப்பமே பொறுப்பாக விடப்பட்டது. உயர்மன்ற நடுவராக இருந்த இரகுபதி தலைமையில் உசாவல் ஆணையம் அமைந்தது. அருகில் நின்ற இரட்டைக் கட்டடம் 2016 நவம்பர் 2-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அவ்விரு கட்டடங்களுக்கும் சூட்டியிருந்தவை, நம்பிக்கை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்கள்! இவற்றுக்கிடையே, 2015 திசம்பர் வெள்ளத்தில் மணப்பாக்கமும் முகலிவாக்கமும் மூழ்கின.

இதே காஞ்சி மாவட்டத்தில்தான் உத்திரமேரூர் உள்ளது. முதற் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் குடவோலையால் அமைத்ததைச் சொல்கின்றன. அது பார்ப்பனர் ஊரவை. உழுதவனுக்கு அங்கே இடமில்லை. அதைப் பொன்னுலகாகப் பேசுவார் பேசட்டும். ஆயினும் ஏரியைக் காக்க ஊருக்குள்ளேயே ஒரு வாரியம் இருந்தது. விதியும் ஊரார் கண்முன் கல்லில் நின்றது.

இன்றும் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி ஊராட்சிதோறும் ஊரவை உண்டு. அங்கே அமர்ந்து தேநீர் பருகிக் கலைவது போதாது. எழும் கட்டடத்தின் வரைவு தமிழில் வைக்கப்படுதல் வேண்டும். நீர்வழி எது, சாலையின் அகலம் எவ்வளவு, மண்ணாய்வு செய்தவர் யார் என்பவை கேட்கப்பட்டுத் தீர்மானமாகப் பதிவாதல் வேண்டும். விடை வராவிடின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 6-ஆம் பிரிவு வட்டார ஆட்சிமொழியிலேயே வேண்டுகை எழுத இடந்தருகிறது. கட்டணம் 10 உருபா; கெடு 30 நாள். ஐயப்பன்தாங்கலில் எழும் ஒவ்வொரு கட்டடத்திற்கும் ஒரு தமிழ் மடல் தாளமுத்து நடராசன் மாளிகைக்குப் போகட்டும்.