சிரிப்புக்குப் பின்னால் யார்?



"ஒரு கலை நிகழ்ச்சியின் வெற்றிக்குப் பெரிதும் காரணம் திரைக்கு முன்னே தோன்றுபவரா, திரைக்குப் பின்னே உழைப்பவரா?" இதுதான் தலைப்பு. எதிரணிச் சகோதரி கேட்டாங்க: "கோயிலுக்குப் போனா சாமி முகத்தைப் பார்த்துக் கும்பிடுறோமா, சிற்பியைத் தேடிப்போய்க் கும்பிடுறோமா?" நல்லா கைதட்டு வாங்கினாங்க. அம்மா, சிற்பி உளியை எடுக்கலைன்னா நீங்க வெறும் கல்லைத்தான் கும்பிட்டுக்கிட்டு இருக்கணும். அந்தக் கல்லுக்கும் மஞ்சள் பூசி வைக்க ஒருத்தர் வேணும்! (சிரிப்பு)

எல்லோரும் நம்ம சினிமாவிலிருந்தே உதாரணம் சொன்னீங்க. நான் கொஞ்சம் தூரம் போறேன். அமெரிக்காவிலே டென்னசி மாநிலம், நாஷ்வில் நகரம். அங்கே கிராமியப் பாட்டும் நகைச்சுவையும் கலந்து ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. பேரு "ஹீ ஹா". என்ன அர்த்தம்னு அகராதியைப் புரட்டாதீங்க. கழுதை கத்துற சத்தம்! (சிரிப்பு) நான் தமிழாசிரியன், மரபு தவற மாட்டேன். குதிரைதான் கனைக்கும், கழுதை கத்தும். கழுதை கத்தினா நல்ல சகுனம்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. அங்கேயும் அப்படித்தான் போலிருக்கு. 1969 ஜூன் மாதம் ஒரு கோடைக்கால நிகழ்ச்சியாத் தொடங்கினது, 1992 வரைக்கும் ஓடிச்சு. அறுநூறுக்கும் மேலே நிகழ்ச்சிகள்!

நடத்தினவங்க ரெண்டு பேர். பக் ஓவன்ஸ், ராய் கிளார்க். ரெண்டு பேருமே பெரிய பாடகர்கள், கிதார் வித்தகர்கள். பின்னாலே பார்த்தா ஒரு சோளக்காடு. அந்தச் சோளத்துக்குள்ளேயிருந்து ஒருத்தர் தலையை நீட்டி ஒரு ஜோக் சொல்லுவார். உடனே மறைஞ்சுடுவார். இன்னொருத்தர் தலை நீட்டுவார். ஒரே சிரிப்பு.

இதைப் பார்த்து எதிரணி என்ன சொல்லும்? "பார்த்தீங்களா, அந்த முகங்கள்தான் காரணம்!" பொறுங்க. சோளக்காட்டுக்குப் பின்னாலே போவோம்.

முதல் செய்தி. அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்குதே, அது யார் சிரிச்சது? எதிரே ஒருத்தருமே இல்லீங்க! அரங்கத்திலே பார்வையாளர் கிடையாது. சிரிப்பைப் பின்னாலே ஒலிநாடாவிலேயிருந்து சேர்த்தாங்க. ஐயா, நான் ஒரு நகைச்சுவை சொல்றேன், நீங்க சிரிக்கறீங்க, எனக்கு அடுத்த வரி வருது. நீங்க சிரிக்கலைன்னா எனக்கு நாக்கு ஒட்டிக்குது. எதிரே ஒரு காமிராவையும், வசனம் எழுதின அட்டையைத் தூக்கிப் பிடிச்சிருக்கிற ஒரு பையனையும் மட்டும் பார்த்துக்கிட்டு நகைச்சுவை சொல்றது எவ்வளவு கஷ்டம்! அந்த அட்டையைப் பிடிச்ச கை நடுங்கினா, மேலே இருக்கிற நட்சத்திரமும் நடுங்கும். (கைதட்டல்)

இரண்டாவது செய்தி. அந்த நிகழ்ச்சியை வாராவாரம் எடுத்தாங்கன்னு நினைக்கறீங்களா? இல்லை. வருஷத்துக்கு ரெண்டே தடவை. ஜூனிலே ஒருமுறை, அக்டோபரிலே ஒருமுறை எல்லோரும் நாஷ்வில்லிலே கூடுவாங்க. சோளக்காட்டு ஜோக்குகளா? பல வாரத்துக்கு வேண்டியதை ஒரே மூச்சிலே எடுத்துடுவாங்க. முடி திருத்தும் கடைக் காட்சியா? அதையும் மொத்தமா. பாட்டா? அதுவும் மொத்தமா. அப்புறம் எல்லோரும் ஊருக்குப் போயிடுவாங்க. அந்தத் துண்டுகளையெல்லாம் எடுத்து, இதுக்கு அடுத்து இது, அதுக்கு அடுத்து அது என்று பூத்தொடுக்கிற மாதிரி தொடுத்தாங்களே, படத்தொகுப்பாளர்கள், அவங்க முகம் யாருக்குத் தெரியும்? பூவைப் பார்த்தவங்க உண்டு. நாரைப் பார்த்தவங்க உண்டா? (கைதட்டல்)

மூன்றாவது செய்தி. இந்தக் கிராமத்து நிகழ்ச்சியை உருவாக்கினது யாரு? ஃபிராங்க் பெப்பியாட், ஜான் எய்ல்ஸ்வொர்த் என்று இரண்டு எழுத்தாளர்கள். எந்தக் கிராமம்? கனடாவிலே டொரான்டோ மாநகரம்! அவங்க நிறுவனத்துக்கு வச்ச பேரே டொரான்டோவிலே இருக்கிற யங் வீதியின் பேருதான். நம்ம மவுண்ட் ரோடு பேரிலே கம்பெனி ஆரம்பிச்சு, ஒருத்தர் கரிசல்காட்டுக் கதை எடுத்த மாதிரி! (சிரிப்பு)

இங்கேதான் ஐயா ஒரு ஆபத்து இருக்கு. பட்டணத்தான் கிராமத்தானை வச்சுச் சிரிப்புக் காட்டினா, அது கேலியாப் போயிடும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நகைக்கு நாலு நிலைக்களன் சொல்றார். எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல்னா ஒருத்தரை இகழ்ந்து சிரிக்கிறது. பேதைமைன்னா சூதுவாது தெரியாத வெள்ளை மனசு. ரெண்டிலேயும் சிரிப்பு வரும். ஆனா ரெண்டும் ஒண்ணா?

அந்த நிகழ்ச்சியிலே ஜூனியர் சாம்பிள்ஸ்னு ஒருத்தர். ஜார்ஜியா மாநிலத்துக்காரர். மரம் அறுக்கிற ஆலையிலே வேலை பார்த்தவர். தான் பெரிய மீனைப் பிடிச்சதா ஒரு புளுகு விட்டு, அந்தப் புளுகே இசைத்தட்டா வெளிவந்து பிரபலமானவர். அதிகம் படிக்காத மனுஷர். வசன அட்டையைக் காட்டினா எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுவார். வார்த்தை இடறும். இன்னொரு தயாரிப்பாளரா இருந்தா என்ன செஞ்சிருப்பார்? "வெட்டு"ன்னு சொல்லியிருப்பார். இல்லேன்னா ஆளையே மாத்தியிருப்பார். இவங்க வெட்டலை. அந்தத் தடுமாற்றத்தை அப்படியே விட்டாங்க. அவரும் சிரிச்சார், கூட நின்னவங்களும் சிரிச்சாங்க, நாடும் சிரிச்சது. இகழ்ச்சியாப் போயிருக்கக்கூடிய சிரிப்பு, வெள்ளை மனசைக் கொண்டாடுற சிரிப்பா மாறிச்சு. எள்ளலைப் பேதைமையா மாத்தினது யார்? திரைக்குப் பின்னே கத்திரிக்கோலைக் கீழே வச்ச கை! (பலத்த கைதட்டல்)

எதிரணிக்கு இன்னொரு கேள்வி. முகம்தான் காரணம்னா, முகம் போனா நிகழ்ச்சியும் போகணும் இல்லையா? 1986-லே பக் ஓவன்ஸ் விலகிட்டார். நிகழ்ச்சி நின்னுச்சா? இன்னும் ஆறு வருஷம் நடந்தது. அதுக்கு முன்னாடி 1971-லே ஒளிபரப்பின சி.பி.எஸ். நிறுவனமே நிறுத்திடுச்சு. பார்க்க ஆளில்லாமலா? முதல் இருபது இடங்களுக்குள்ளே இருந்த நிகழ்ச்சி ஐயா! "கிராமத்துக்காரங்க பார்க்கிறாங்க. விளம்பரக்காரங்களுக்குப் பட்டணத்து இளைஞர்கள்தான் வேணும்" என்று கணக்குப் போட்டாங்க. அந்த நாளிலே கிராமத்து வாசனை அடிச்ச நிகழ்ச்சி பலதையும் அப்படித்தான் தூக்கினாங்க. தயாரிப்பாளர்கள் கை கட்டி நிக்கலை. ஊர் ஊரா உள்ள உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியாக் கொடுத்தாங்க. பெரிய கதவு மூடினதும் நூறு சின்னக் கதவைத் தட்டினாங்க. இருபத்தோரு வருஷம் அப்படி ஓடிச்சு. தட்டின கை எது? திரைக்குப் பின்னே இருந்த கை.

நடுவர் ஐயா மணியிலே கை வைக்கிறார். ரெண்டு நிமிஷம் கொடுங்கய்யா. இனிமே சொல்லப்போறது சிரிக்கிற விஷயம் இல்லை.

அந்தச் சோளக்காட்டிலே ஒரு சோளக்கொல்லை பொம்மை உண்டு. பொம்மை வேஷத்திலே நின்னவர் டேவிட் ஏக்மன். "ஸ்ட்ரிங்பீன்" என்று செல்லப்பேரு. ஒல்லியா நெடுநெடுன்னு இருப்பார். பாஞ்சோ என்கிற தந்திக் கருவியை வாசிக்கிறதிலே கெட்டிக்காரர். ஊரிலேயிருந்து வந்த கடிதத்தைச் சட்டையிலே நெஞ்சோரம் வச்சிருந்து எடுத்துப் படிப்பார். அது ரசிகர்களுக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி. பெரிய புகழ் வந்தும் சின்ன வீட்டிலேதான் இருந்தார். வங்கியை நம்பாம பணத்தைக் கையிலேயே வச்சிருக்கார்னு ஊரிலே பேச்சு.

1973 நவம்பர் 10, சனிக்கிழமை இரவு. நாஷ்வில்லிலே "கிராண்ட் ஓல் ஆப்ரி" மேடையிலே வாசிச்சுட்டு மனைவியோட வீடு திரும்பினார். பணத்துக்காகக் காத்திருந்தவங்க ரெண்டு பேரையும் சுட்டுக் கொன்னுட்டாங்க. மறுநாள் காலையிலே அந்த உடல்களைக் கண்டது யார் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரர், அதே நிகழ்ச்சியிலே கூட நடிச்ச நண்பர், கிராண்ட்பா ஜோன்ஸ். இருபது சொச்சம் வயசிலேயே தாத்தா வேஷம் போட ஆரம்பிச்சு, வாழ்நாள் பூரா நாட்டைச் சிரிக்க வச்ச மனுஷர். கொலைகாரங்க தேடி வந்த பணம்? இருபது வருஷத்துக்கு மேலே கழிச்சு அந்த வீட்டுப் புகைபோக்கிக்குள்ளே மக்கிப்போன தாள்களாக் கிடைச்சது. யாருக்கும் உதவலை.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாட்டையும் வரிசைப்படுத்தும்போது முதலிலே நகையை வச்சார். ரெண்டாவதா எதை வச்சார்? அழுகையை வச்சார். நகைக்கு அடுத்த வீடு அழுகை ஐயா! கிராண்ட்பா ஜோன்ஸுக்கு அது பொருள் விளங்கிப் படிச்ச பாடம். அதுக்குப் பிறகும் அவர் அதே சோளக்காட்டுக்கு வந்தார், சிரிக்க வச்சார்.

ஸ்ட்ரிங்பீன் நின்ன இடத்திலே வேற ஒருத்தரை நிறுத்தினாங்களா? இல்லை. ஒரு வெறும் சோளக்கொல்லை பொம்மையை அங்கே நட்டு வச்சாங்க. பேசாது. ஜோக் சொல்லாது. சுத்தி எல்லோரும் சிரிச்சுக்கிட்டிருப்பாங்க. அது சும்மா நிற்கும்.

எதிரணி எழுந்திருக்கும்: "பார்த்தீங்களா, முகத்துக்கு மாற்று இல்லைன்னு நீங்களே சொல்றீங்களே!" ஒத்துக்கறேன். நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன். போன முகத்துக்கு மாற்று இல்லை. ஆனா மாற்று இல்லைன்னு உணர்ந்தது யார்? அந்த வேஷத்தை இன்னொருத்தருக்குக் கொடுத்திருந்தா, பார்க்கிறவங்க பத்து வாரத்திலே மறந்திருப்பாங்க. மறக்க விடக்கூடாதுன்னு, ஒரு கட்டையை நட்டு, அதுக்கு ஒரு பழைய சட்டையை மாட்டி, நண்பனின் இடத்தை நண்பனுக்கே விட்டு வச்சது திரைக்குப் பின்னே இருந்த மனசு.

முகம் நம்மைச் சிரிக்க வைக்கும். அந்தச் சிரிப்பிலே மானம் இருக்கா, அன்பு இருக்கா என்று தீர்மானிக்கிறது பின்னாலே இருக்கிற மனசு. பொம்மைக்குச் சட்டை மாட்டின கை எந்தக் கை என்று நம்மிலே யாருக்கும் தெரியாது. அந்தப் பெயர் தெரியாத கைக்காகத்தான் நான் வாதாடுகிறேன். ஆகவே, திரைக்குப் பின்னே உழைப்பவரே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமைகிறேன். போகும்போது இந்த ஒலிபெருக்கிக்காரர் முகத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்துட்டுப் போங்க.

(பலத்த கைதட்டல்)