அலுவலக வாகனங்களும் சாலைப் பாதுகாப்பும்

(கொச்சி மட்டாஞ்சேரியில், சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி அரசு ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த மட்டாஞ்சேரி, மிளகும் இஞ்சியும் ஏலமும் கைமாறிய பழம்பெரும் வாணிகத் துறை. இங்குள்ள பஜார் சாலை கைவண்டிகளுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் ஏற்ற அகலத்தில் அமைந்தது. இன்று அதே சாலையில் சரக்கு லாரிகளும், அலுவலக ஜீப்புகளும், வங்கி வாகனங்களும், பொருள்களை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் இளைஞர்களின் இருசக்கர வண்டிகளும் ஒன்றையொன்று உரசிச் செல்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை எவரோ ஒருவர் இட்ட பணியை நிறைவேற்றச் செல்பவை. எனவே சாலைப் பாதுகாப்பு காவல் துறைக்கு மட்டுமே உரிய பொருள் அன்று. பணி இடும் ஒவ்வோர் அலுவலகத்தின் நிர்வாகப் பொறுப்பும் ஆகும். இக்கருத்தையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இழப்பின் அளவு

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் மாண்டனர். மாண்டவர்களில் ஐவருக்கு நால்வருக்கும் மேற்பட்டோர் 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள். அதாவது உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் பருவத்தினர். கல்விக்கும் பயிற்சிக்கும் நாடு செலவிட்ட முதலீடு பலன் தரும் வேளையிலேயே அழிந்துபோகிறது என்பது இதன் பொருள்.

அதே ஆண்டில் கேரளத்தில் 43,910 விபத்துகள் நிகழ்ந்தன; 4,317 பேர் இறந்தனர். அகில இந்திய அளவில் 100 விபத்துகளுக்கு 36 பேருக்கு மேல் இறக்க, கேரளத்தில் அது 10-க்கும் குறைவு. சிறு விபத்துகளும் இங்கு முறையாகப் பதிவாவதும், மருத்துவமனை தொலைவில் இல்லாததும் இதற்குத் துணைபுரிகின்றன. ஆனால் உயிர் பிழைத்தவர் அனைவரும் பழைய நிலையில் வேலைக்குத் திரும்புவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரே சாலையில் இரு பணியிடங்கள்

2020 பிப்ரவரி 20 அன்று விடியற்காலையில் நிகழ்ந்த அவிநாசி விபத்தைக் கொச்சி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் நோக்கி வந்த கேரள அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்தின் மீது, எதிர்த்திசையில் சென்ற கன்டெய்னர் லாரி நடுத்திட்டைத் தாண்டி வந்து மோதியது. பேருந்தின் ஓட்டுநர், நடத்துநர் உட்பட 19 பேர் உயிரிழந்தனர். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்ததே விசாரணையில் முதன்மையாகப் பேசப்பட்ட காரணம்.

இறந்த பேருந்து ஊழியர்கள் பணியில் இருந்தனர். லாரி ஓட்டுநரும் பணியில் இருந்தார். தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் தொழிலாளியின் உயிரைப் பறித்தால், இயந்திரத்தின் நிலையையும் வேலை நேரத்தையும் ஆய்வு செய்கிறோம். சாலையில் அதே இழப்பு நேரும்போது "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று ஒரே வரியில் கோப்பை முடித்துவிடுகிறோம். அவர் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார், எந்த நேரத்துக்குள் சென்று சேருமாறு பணிக்கப்பட்டிருந்தார் என்ற வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

நேரத்தை வகுப்பவரே வேகத்தை வகுக்கிறார்

மட்டாஞ்சேரியிலிருந்து நெடும்பாசேரி விமான நிலையம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஒரு மணி நேரம் பிடிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடம் மீதமாகும். இந்த 20 நிமிடத்துக்கு நாம் தரும் விலை என்ன? ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் எனக் கொண்டால், உலர்ந்த சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க ஏறத்தாழ 20 மீட்டர் தேவை. 60 கிலோமீட்டர் வேகத்தில் 37 மீட்டர் தேவை. வேகம் ஒன்றரை மடங்கானால் நிற்கும் தொலைவு ஏறக்குறைய இருமடங்காகிறது. இடவப்பாதி மழையில் நனைந்த சாலையில் இத்தொலைவு இன்னும் நீளும். சராசரி வேகம் 1 சதவீதம் உயர்ந்தால் உயிர்ச்சேத விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் உயர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

வைற்றிலையிலும் இடப்பள்ளியிலும் நெரிசல் இருக்கும் என்பது யாவரும் அறிந்ததே. அறிந்தும் தாமதமாகப் புறப்படும் அலுவலர், இழந்த நேரத்தை ஓட்டுநரின் காலால் ஈடுகட்ட முனைகிறார். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் ஊழியரை "எங்கே இருக்கிறாய்?" என்று அலைபேசியில் அழைப்பவரும் பெரும்பாலும் அவருடைய மேலதிகாரியே.

விலை தெரியாத செலவு

பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்கலாம். ஒரு செயலின் செலவை அதைச் செய்பவர் ஏற்காமல் பிறர் ஏற்க நேர்ந்தால், அச்செயல் அளவுக்கு மிஞ்சி நடைபெறும். தனியார் வண்டி விபத்துக்குள்ளாகி அதன் சேதத்துக்கு இழப்பீடு கோரினால், மறு ஆண்டு காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை பறிபோகிறது, உரிமையாளர் விழிப்படைகிறார். வாணிகம் சாராத பணிக்குப் பயன்படும் அரசு வாகனங்களுக்கோ, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. இழப்பீடு பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கணக்குத் தலைப்பில் செலவாகிறது. பயணத்தைத் திட்டமிட்ட அலுவலகத்துக்கு அச்செலவு தெரிவதே இல்லை.

ஆனால் பொறுப்பு நீங்கிவிடவில்லை. 1952 பிப்ரவரியில் உதயப்பூரில், பழுதுபார்த்துத் திரும்பிய அரசு ஜீப் ஒன்று நடைபாதையில் சென்றவர் மீது மோதியது. அவர் மருத்துவமனையில் இறந்தார். ஓட்டியவர் தற்காலிக ஊழியர். இறந்தவரின் குடும்பத்துக்கு ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 15,000 ரூபாய் வழங்க உத்தரவிட, அரசு மேல்முறையீடு செய்தது. வித்யாவதி வழக்கு எனப்படும் இதில், மற்ற எந்த முதலாளியையும் போலவே அரசும் தன் ஊழியரின் கவனக்குறைவுக்குப் பொறுப்பாகும் என்று உச்ச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தது. அக்குடும்பம் நீதி பெறப் பத்தாண்டுகள் காத்திருந்தது.

செய்யத்தக்கவை

பெரும் செலவின்றி ஒவ்வோர் அலுவலகமும் மேற்கொள்ளக்கூடிய சில நடவடிக்கைகளைக் கூறுகிறேன்.

முதலாவது, பணி நேரம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேற்படாமல் அரை மணி ஓய்வும் என வகுத்தது. அச்சட்டம் இன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. அதன் நோக்கம் பழையதாகிவிடவில்லை. காலை 7 மணிக்கு வந்த ஓட்டுநரை இரவு 10 மணிக்கு வெளியூர்ப் பயணத்துக்கு அனுப்பலாகாது.

இரண்டாவது, பதிவேடு. நம் வாகனப் பதிவேட்டில் கிலோமீட்டரும் பெட்ரோலும் கையொப்பமும் இருக்கின்றன. ஓட்டுநர் பணி தொடங்கி முடித்த நேரம், அவர் தெரிவித்த பழுது, அது சரிசெய்யப்பட்ட தேதி ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும். மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகளையும் தண்டனைக்கு அஞ்சாமல் எழுதும் நிலை வேண்டும். அவையே அடுத்த விபத்து எங்கே நிகழும் என்பதை முன்கூட்டிக் காட்டுபவை.

மூன்றாவது, பராமரிப்பு. தேய்ந்த டயரும் பழுதான வைப்பரும் அடுத்த நிதியாண்டின் ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. மழைக்காலத்துக்கு முன்பே அவை மாற்றப்பட வேண்டும். ஓட்டுநருக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனையும் தேவை.

நான்காவது, அலுவலரின் முன்மாதிரி. பின்னிருக்கையில் அமர்பவரும் இருக்கைப் பட்டை அணிய வேண்டும் என்பது விதி. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே கார் விபத்தில் உயிரிழந்தபோது, அவர் பின்னிருக்கையில் பட்டை அணியாமல் பயணம் செய்ததாகத் தெரியவந்தது. அலுவலரே பட்டை அணியாதபோது ஓட்டுநருக்கு அறிவுரை கூறுவதில் பயனில்லை.

ஐந்தாவது, சொந்த இருசக்கர வண்டியில் களப்பணிக்குச் செல்வோர். மின் அளவி பார்ப்பவரும் தவணை வசூலிப்பவரும் அலுவலகத்தின் வாகனப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆயினும் அவர்கள் செல்வது அலுவலகப் பணிக்கே. 2022-இல் தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். பயணப்படி வழங்கும் அலுவலகம், தரமான தலைக்கவசம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு நாளில் இத்தனை வீடுகள் என இலக்கு வகுக்கும்போது, அதைப் பாதுகாப்பான வேகத்தில் முடிக்க இயலுமா என்றும் கணக்கிட வேண்டும்.

கேரளத்தில் 2023 ஜூன் முதல் தானியங்கிக் கேமராக்கள் விதி மீறுவோரைக் கண்டறிந்து வருகின்றன. கேமரா காண்பது சாலையில் ஒரு கணத்தை மட்டுமே. அந்தக் கணத்துக்கு முந்தைய பதினைந்து மணி நேர உழைப்பையும், அவசர உத்தரவையும், தள்ளிப்போடப்பட்ட பழுதையும் காணக்கூடியவர்கள் நாம்தாம். இங்கு வந்துள்ள அலுவலர்கள் நாளைக் காலை தத்தம் அலுவலகத்தின் வாகனப் பதிவேட்டை வரவழைத்து, ஓட்டுநரையும் அருகில் அமர்த்தி, கடந்த மாதப் பயணங்களை ஒருமுறை படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பயணத்தைத் தவிர்த்திருக்கலாம், எதற்கு முன்னதாகப் புறப்பட்டிருக்கலாம் என்பதை அவர் சொல்வார்.