சந்தூக்குக்கு ஃபைபர் பூசும் முன்

(அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில், மரவேலையும் ஃபைபர் வேலையும் செய்துவரும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை)



பெரியோர்களே, சகோதரர்களே, திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நான் ஆலிம் இல்லை. மரமும் ஃபைபரும்தான் என் பிழைப்பு. எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

நம் எல்லோரையும் ஒருநாள் சுமக்கப்போகிற பெட்டி ஒன்று இருக்கிறது. பள்ளிவாசல் ஓரத்தில் வைத்திருக்கும் சந்தூக். மவுத்து வீட்டுக்குப் போகும், மையித்தைச் சுமந்து கப்ருஸ்தான் வரும், வெறும் பெட்டியாகப் பள்ளிக்குத் திரும்பும். அதன்பிறகு அடுத்த மவுத்து வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில், ஒரு மஹல்லாவில் நானும் தோள் கொடுத்தேன். பாதி வழியில் அடிப்பலகை நெகிழ்ந்தது. நாலு பேர் கீழே கை கொடுத்துத் தாங்கியபடியே கப்ருஸ்தான் போய்ச் சேர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ், மையித்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூட வந்த மகனின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தப் பெட்டிக்கு முந்தின வருடம் ஃபைபர் பூசிக் கொடுத்தவன் நான்தான்.

என்ன தவறு செய்தேன்? மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று அவசரம். ஈரம் காயாத மரத்தின்மேல் பூசினேன், அதுவும் வெளிப்பக்கம் மட்டும். குளிப்பாட்டிய ஈரமும், பெட்டியைக் கழுவிய தண்ணீரும் உள்பக்கமாக மரத்தில் இறங்கின. வெளியே ஃபைபர் அடைத்துவிட்டதால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. மேலே பளபளப்பு, உள்ளே உளுத்த பலகை. ஃபைபர் தண்ணீரை உள்ளே விடாது. உள்ளே போன தண்ணீரை வெளியேயும் விடாது. இதை மறந்தால் பூசாமல் இருப்பதே மேல்.

ஃபைபர் வேலையைக் குறை சொல்லவில்லை. குமரி மாவட்டத்து முட்டத்தில் 1980களிலேயே ப்ளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் ஃபைபர் ஒட்டி வள்ளம் கட்டினார்கள். கடலில் போகிற மரத்தையே அது காக்கிறது. ஜனாஸாவைத் தாமதிக்காமல் எடுத்துச் செல்லச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மழை விடட்டும் என்று காத்திருக்க முடியாது. எனவே நம் பெட்டிக்கும் அது வேண்டியதுதான். முறையாகச் செய்ய வேண்டும்.

முதலில் உளுத்த பலகையை மாற்றுங்கள். கெட்ட மரத்துக்கு ஃபைபர் பலம் தராது. பழைய பெயின்ட், வார்னிஷ் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து, காற்றோட்டமான நிழலில் மூன்று வாரமாவது காயவிடுங்கள். மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். கூரான விளிம்புகளை உருட்டிவிடுங்கள். கிளாஸ் துணி கூர் முனையில் படியாமல் தூக்கிக்கொள்ளும்.

கடையில் மலிவாகக் கிடைப்பது பாலியெஸ்டர் ரெசின். தொட்டி செய்ய அது நல்லது. மரத்தில் நாளடைவில் உரியும். கொஞ்சம் விலை கூடினாலும் எபாக்சி வாங்குங்கள். அதற்கு மேட் வேண்டாம், நெய்த கிளாஸ் துணி போதும். வெளியே துணியோடு பூசுங்கள். உள்பக்கம், பலகை முனைகள், கைப்பிடியின் திருகாணி ஓட்டைகள் என ஓர் இடம் விடாமல் எபாக்சி குடிக்கட்டும். வெயில் ஏறும் நேரத்தில் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் கிளப்பும். அதனால் வெயில் தணிந்தபின் சாயங்காலம் நிழலில் பூசுங்கள். எபாக்சி வெயிலில் கெடும். காய்ந்தபின் மேலே நல்ல பெயின்ட் அடித்தே ஆகவேண்டும்.

வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கையுறை, கண்ணாடி, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால் பிறகு போகாது. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் நெஞ்சுக்குள் போகும். பாலியெஸ்டர் வேலை செய்கிறவர்கள் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேராகக் கலக்காதீர்கள், வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் உடனே கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்வையே போய்விடும்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நான் கேட்பது மூன்று. கோடையிலேயே வேலையைத் தொடங்குங்கள். அந்த நாட்களுக்குப் பக்கத்துப் பள்ளியின் சந்தூக்கை இரவல் பேசி வையுங்கள். ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில் பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள். மொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அந்த இடத்தைத் திறந்து பாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், நம் மஹல்லாவின் பெட்டியை வரும் பங்குனியில் கூலி வாங்காமல் நானே செய்து தருகிறேன். பட்ட கடனைத் தீர்ப்பதாகவே அதை நினைக்கிறேன். சாமான் செலவைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறவர்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் கடைசிப் பயணத்தையும் கண்ணியமாக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.